‘ஆக’ என்று முடிந்தால் வினையடையா?

‘ஆன’ என்று முடிந்தால் அட்ஜெக்டிவ், ‘ஆக’ என்று முடிந்தால் அட்வெர்ப். தமிழ்வழியில் படித்தவர்களிடம் ஆங்கில இலக்கணத்தில் என்ன நினைவிருக்கிறது என்று கேட்டால், பலர் தயங்காமல் சொல்லும் சூத்திரம் இது. அழகான என்றால் பியூட்டிஃபுல், அழகாக என்றால் பியூட்டிஃபுலி. டியூஷன் வகுப்புகளில் இப்படித்தான் சொல்லித்தருகிறார்கள். ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் மலிவு விலைப் புத்தகங்களில் இது இரண்டு பத்தி அட்டவணையாகவே அச்சாகிறது. சட்டென்று மனத்தில் பதிகிற சூத்திரம். பாதிக்குப் பாதி உண்மையும்கூட. பொய்யான பாதி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதுதான் கவலை தருகிறது. ஆங்கிலம் பேசுகிறவர் வாயைத் திறந்தால் முதலில் வந்து விழும் வாக்கிய அமைப்பில் அது இருக்கிறது.

‘அவள் அழகாக இருக்கிறாள்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதவேண்டும். சூத்திரத்தை நம்பிய மாணவி ‘ஷி இஸ் பியூட்டிஃபுலி’ என்று எழுதுகிறாள். ‘குழம்பு ருசியாக இருக்கிறது’ என்பது ‘தி குழம்பு டேஸ்ட்ஸ் நைஸ்லி’ ஆகிறது. ‘ரோஜா இனிமையாக மணக்கிறது’ என்பது ‘தி ரோஸ் ஸ்மெல்ஸ் ஸ்வீட்லி’ ஆகிறது. மூன்றிலும் ‘லி’யின் மேல் சிவப்பு மை விழுகிறது. ஏன் விழுந்தது என்று யாரும் அவளிடம் சொல்வதில்லை. கவனமில்லாமல் எழுதினாள் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அவள் கற்றுக்கொடுத்ததை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறாள். படிப்பில் கவனமுள்ள பிள்ளைகளிடம்தான் இந்தப் பிழையை நான் அதிகம் காண்கிறேன். சூத்திரத்தைக் காதில் வாங்காத பிள்ளை ‘பியூட்டிஃபுல்’ என்றே எழுதிவிட்டுப் போய்விடுகிறது.

ஆங்கில வினைச்சொற்களில் பெரும்பாலானவை ஒரு செயலைச் சொல்லும். ஓடினான், எழுதினாள், கதவைத் திறந்தார். ஆனால் ஒரு சிறு கூட்டம் செயல் எதையும் சொல்வதில்லை. எழுவாய் யார், எப்படிப்பட்டது, என்ன நிலையில் இருக்கிறது என்று சொல்லும் சொல்லை எழுவாயோடு சேர்த்துவைப்பதோடு அவற்றின் வேலை முடிந்துவிடும். ‘பீ’ என்பதும் அதன் வடிவங்களான ‘ஆம், இஸ், ஆர், வாஸ், வேர்’ என்பனவும் இந்தக் கூட்டத்தின் தலைமை. ‘சீம், பிகம், அப்பியர், ரிமெய்ன்’ அடுத்த வரிசை. ‘லுக், சவுண்ட், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல்’ என்ற ஐம்புல வினைகளும், ‘கெட், டர்ன், க்ரோ, கோ’ போன்ற மாற்றம் சொல்லும் வினைகளும் சில நேரங்களில் இதில் வந்து சேர்கின்றன. இவற்றை இணைப்பு வினை என்கிறோம். பிரிட்டிஷ் இந்தியாவின் பள்ளிகளுக்காக நெஸ்ஃபீல்ட் எழுதிய இலக்கணமும், பின்னால் வந்த ரென் – மார்ட்டின் இலக்கணமும் இவற்றைத் தாமாகப் பொருள் நிரம்பாத வினைகள் என்று வகைப்படுத்தின. எனக்கு அந்தப் பழைய பெயர் பிடிக்கும். ‘ஷி சீம்ஸ்’ என்று ஒருவர் நிறுத்திவிட்டால் கேட்பவர் காத்துக்கொண்டே இருக்கவேண்டும். நிரப்ப ஒரு சொல் வந்தாகவேண்டும். அப்படி வரும் சொல் எழுவாயைப் பற்றியது. எழுவாய் ஒரு பெயர்ச்சொல். ஆகவே அதை விவரிக்க வருவது பெயரடையாக இருந்தாகவேண்டும். ‘ஷி சீம்ஸ் ஹாப்பி’ என்பதில் ‘ஹாப்பி’ என்பது ‘சீம்ஸ்’ என்ற வினையை விவரிக்கவில்லை, ‘ஷி’யை விவரிக்கிறது.

இவ்வளவுதான் ஆங்கிலத்தின் விதி. தமிழ்ப் பிள்ளைக்கு இது ஏன் கடினமாகிறது என்பதற்கு ஆங்கில இலக்கண நூலில் விடை இல்லை. தமிழில்தான் தேடவேண்டும்.

‘அழகான’ என்ற பெயரடையைத் தமிழ் வாக்கியத்தின் முடிவில் வைத்துப் பாருங்கள். ‘அவள் அழகான’ என்று எந்தத் தமிழரும் நிறுத்தமாட்டார். பின்னால் ஒரு பெயர் வராமல் அந்தச் சொல் நிற்காது. தமிழ்ப் பெயரடைக்கு இடம் பெயருக்கு முன்னால் மட்டும்தான். பயனிலையில் அந்தப் பண்பைச் சொல்லவேண்டுமானால் அது உருவம் மாறியாகவேண்டும். ‘அவள் அழகு’ என்று பெயராகலாம். ‘அவள் அழகானவள்’ என்று வினையாலணையும் பெயராகலாம். ‘அவள் அழகாக இருக்கிறாள்’ என்று ‘ஆக’ சேர்த்து இருத்தல் வினையின் முன் வரலாம். ஆங்கிலத்தில் ‘பியூட்டிஃபுல்’ என்ற ஒரே சொல், ஒரு எழுத்தும் மாறாமல், பெயருக்கு முன்னும் நிற்கிறது, ‘இஸ்’ என்பதற்குப் பின்னும் நிற்கிறது. தமிழில் அந்த இரண்டு இடத்துக்கும் ஒரே வடிவம் கிடையாது என்று பிள்ளையின் செவி பிறந்ததிலிருந்து பழகியிருக்கிறது. எனவே ‘இஸ்’ வந்ததும் வேறு வடிவத்தைத் தேடுகிறாள். பள்ளி அகராதியில் ‘அழகாக’ என்பதற்கு நேரே பெரும்பாலும் ‘பியூட்டிஃபுலி’ என்றுதான் இருக்கும். எடுத்து வைத்துவிடுகிறாள்.

‘அழகாகப் பாடுகிறாள்’ என்பதிலும் ‘அழகாக இருக்கிறாள்’ என்பதிலும் தமிழ் ஒரே வடிவத்தை வைத்திருக்கிறது. ஆங்கிலம் இங்கே இரண்டாகப் பிரிகிறது. முன்னதற்கு ‘பியூட்டிஃபுலி’, பின்னதற்கு ‘பியூட்டிஃபுல்’. பிழை பிறக்கும் இடம் துல்லியமாக இதுதான். ‘ஆன’, ‘ஆக’ என்ற இரண்டும் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் இன்னும் சுவையான ஒன்று தெரியவரும். இரண்டும் ‘ஆகு’ என்ற வினையின் பிள்ளைகள். ‘ஆன’ அதன் பெயரெச்சம். ‘ஆக’ அதன் வினையெச்சம். பேச்சில் நாம் ‘அழகா’ என்று சுருக்குவதும் அதே வினையின் தேய்ந்த உருவம்தான். ‘ஆகு’ என்பது ஆங்கிலத்தின் ‘பிகம்’ போன்ற இணைப்பு வினை. அப்படியென்றால் தமிழ்ப் பிள்ளை ‘அழகான’ என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் தன்னை அறியாமல் ஓர் இணைப்பு வினையைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறாள். ‘தமிழில் இணைப்பு வினையே கிடையாது, அதனால்தான் நம் பிள்ளைகளுக்குப் புரிவதில்லை’ என்று ஆசிரியர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒப்புக்கொள்ள முடியாது.

தமிழ் பல இடங்களில் இணைப்பு வினை இல்லாமலே வாக்கியத்தை முடிக்கும் என்பது உண்மை. ‘அவர் மருத்துவர்’, ‘இது என் வீடு’, ‘வானம் நீலம்’ எல்லாம் முழு வாக்கியங்கள். ரஷ்ய மொழியும் அரபியும்கூட நிகழ்காலத்தில் இப்படித்தான் சொல்கின்றன. எழுவாய் பெயரைப் பயனிலையாகக் கொள்வதையும் பண்பைப் பயனிலையாகக் கொள்வதையும் தொல்காப்பியம் பிரித்துச் சொல்லியிருக்கிறது. பள்ளித் தமிழ் இலக்கணத்தில் பெயர்ப் பயனிலை என்று நாம் படிப்பது அதன் வழிவந்ததே. இன்னொரு வகை குறிப்பு வினைமுற்று. ‘அவன் நல்லன்’, ‘வீடு பெரிது’, ‘பயணம் இனிது’ என்பன காலம் காட்டாமல், திணை பால் காட்டி, பண்பையே வினைபோல் நிறுத்துகின்றன. ஆங்கிலம் ‘இஸ்’ என்ற தனிச்சொல்லால் செய்யும் வேலையைப் பழந்தமிழ் ஒரு விகுதியில் முடித்துவிட்டது. ‘பெரிது’ என்ற ஒற்றைச் சொல் ‘இஸ் பிக்’ என்ற இரண்டு சொல்லுக்குச் சமம் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். ‘மை ஹவுஸ் பிக்’ என்று ‘இஸ்’ஸை விட்டுவிட்டு எழுதும் பழக்கம் ஏன் வருகிறது என்று அவளுக்கே விளங்கிவிடும்.

‘பீ’ என்ற வினையின் வரலாற்றையும் ஆசிரியர் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அது ஒரே சொல்லாகப் பிறந்ததில்லை. ‘ஆம், இஸ்’ ஒரு வேரிலிருந்து வந்தவை. ‘பீ, பீன்’ இன்னொரு வேர். வளர்தல், ஆதல் என்ற பொருளுடைய அந்த வேர் சமஸ்கிருதத்தின் ‘பூ’ என்ற வினைக்கு உறவு. ‘வாஸ், வேர்’ மூன்றாவது வேர். அதற்குத் தங்குதல், வசித்தல் என்று பொருள். தமிழின் ‘இரு’ என்பதும் அமர்தல், தங்குதல் என்ற பொருளிலிருந்து வந்து இணைப்பு வேலை செய்கிறது. ‘இருக்கை’ என்ற சொல்லில் அந்தப் பழைய பொருள் இன்னும் இருக்கிறது. தொடர்பில்லாத இரண்டு மொழிகள், தங்குதலையும் ஆதலையும் குறிக்கும் சொற்களை எடுத்து ஒரே வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கின்றன. ‘ஆம், இஸ், ஆர், வாஸ், வேர்’ என்று பிள்ளைகளை ஒப்பிக்கவைக்கும்போது, அந்த வரிசை ஏன் இவ்வளவு ஒழுங்கற்று இருக்கிறது என்பதற்கு விடை இருக்கிறது என்றாவது சொல்லலாம்.

ஐம்புல வினைகளுக்கு வருவோம். நான் வகுப்பில் அதிக நேரம் செலவிட விரும்பும் பகுதி இது. மாம்பழம் இனிக்கிறது. பாகற்காய் கசக்கிறது. மோர் புளிக்கிறது. கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது. நெல்லிக்காய் துவர்க்கிறது. மிளகாய் உறைக்கிறது. அறுசுவைக்கும் தமிழில் ஆறு வினைகள். ஆங்கிலத்தில் இந்த வினைகள் இல்லை. ‘டேஸ்ட்’ என்ற ஒரே இணைப்பு வினையை வைத்துக்கொண்டு, அதன் பின்னால் ‘ஸ்வீட், பிட்டர், சவர், சால்ட்டி’ என்று பெயரடைகளை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். தமிழில் சுவை வினைக்குள்ளேயே கரைந்திருக்கிறது. ஆங்கிலம் சுவையைத் தனியே பிரித்துப் பெயரடையாக வைக்கிறது. இதைக் கரும்பலகையில் இரண்டு பத்தியாக எழுதிக் காட்டினால் போதும், ‘தி மேங்கோ டேஸ்ட்ஸ் ஸ்வீட்’ என்பதில் ஏன் ‘ஸ்வீட்லி’ வராது என்று தனியாக விளக்கவேண்டியதில்லை. இனிப்பு மாம்பழத்தின் குணம். ருசிக்கும் செயலின் குணமில்லை.

மணத்திலும் இப்படி ஓர் ஒற்றுமை உண்டு. ‘இட் ஸ்மெல்ஸ்’ என்று பின்னால் எதுவும் சேர்க்காமல் சொன்னால் ஆங்கிலத்தில் அது கெட்ட வாடையைத்தான் குறிக்கும். தமிழிலும் ‘நாறுகிறது’ என்பது ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்து, இன்று துர்நாற்றம் மட்டுமாகிவிட்டது. நல்ல மணம் என்று சொல்லவேண்டுமானால் ஆங்கிலத்தில் ‘குட்’, ‘ஸ்வீட்’ என்று பெயரடை சேர்க்கவேண்டும். அங்கே வினையடையைச் சேர்த்தால் வாக்கியத்தின் பொருளே வேறாகிவிடும். ‘தி டாக் ஸ்மெல்ஸ் பேட்’ என்றால் நாயின் உடம்பு நாறுகிறது. ‘தி டாக் ஸ்மெல்ஸ் பேட்லி’ என்பதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் நாய்க்கு மோப்பம் பிடிக்கத் தெரியவில்லை என்றாகும். ஒரு ‘லி’ குணத்தை நாயின் மேலிருந்து எடுத்து, மோப்பம் பிடிக்கும் செயலின் மேல் வைத்துவிடுகிறது.

‘லுக்’ என்ற வினையில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். ‘ஹி லுக்ட் ஆங்ரி’ என்றால் அவர் கோபமாகத் தெரிந்தார். ‘ஹி லுக்ட் ஆங்ரிலி அட் மீ’ என்றால் அவர் என்னைக் கோபமாகப் பார்த்தார். தமிழில் இரண்டிலும் ‘கோபமாக’. ஆனால் வினை வேறு: தெரிந்தார், பார்த்தார். ஆங்கிலம் ஒரே வினையை இரண்டு வேலைக்கு வைத்துக்கொண்டு பின்னால் வரும் சொல்லில் வேறுபாடு காட்டுகிறது. தமிழ் பின்னதை மாற்றாமல் வினையையே மாற்றிவிடுகிறது. ‘ஃபீல்’ என்பதும் அப்படியே. மருத்துவர் நாடியைக் கவனமாகத் தொட்டுப் பார்த்தார் என்றால் ‘கேர்ஃபுலி’ வரும். மருத்துவர் களைப்பாக உணர்ந்தார் என்றால் ‘டயர்ட்’ வரும்.

இந்த இடத்தில் தமிழையே சோதனைக் கருவியாகப் பயன்படுத்தலாம். நான் ஆசிரியர்களுக்குச் சொல்லும் வழி இது. ‘ஆக’ வரும் தமிழ் வாக்கியத்தில் வினையை எடுத்துவிட்டு அங்கே ‘இரு’ என்பதை வையுங்கள். ‘அவர் கோபமாகத் தெரிந்தார்’ என்பது ‘அவர் கோபமாக இருந்தார்’ ஆகிறது. வாக்கியம் நிற்கிறது, பொருளும் பெரிதாக மாறவில்லை. ஆங்கிலத்தில் பெயரடை போடலாம். ‘அவர் என்னைக் கோபமாகப் பார்த்தார்’ என்பதில் ‘இரு’ வைத்தால் ‘அவர் என்னைக் கோபமாக இருந்தார்’ என்று உடைந்துபோகிறது. அங்கே வினையடை. ‘அழகாகப் பாடினாள்’ என்பதை ‘அழகாக இருந்தாள்’ என்று மாற்றினால் வாக்கியம் உடையவில்லை, ஆனால் சொல்ல வந்த செய்தி காணாமல் போய்விட்டது. அங்கேயும் வினையடை. ஆங்கில இலக்கண நூல்கள் ‘சீம்’ என்பதையோ ‘இஸ்’ என்பதையோ வைத்துப் பார்க்கச் சொல்வதும் இதே சோதனைதான். ஆனால் ஆங்கிலம் இன்னும் வசப்படாத பிள்ளையிடம் ஆங்கிலச் செவியை நம்பிச் சோதிக்கச் சொல்வதில் பயன் குறைவு. தமிழ்ச் செவி அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது, அது பொய் சொல்லாது.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இங்கே தடுமாறுகிறார்கள். வருத்தமாக இருக்கிறது என்று சொல்ல ‘ஐ ஃபீல் பேட்’ என்பதே போதும். படித்தவர்கள் பலர் ‘ஐ ஃபீல் பேட்லி’ என்கிறார்கள். வினைக்குப் பின்னால் வினையடைதான் வரவேண்டும் என்று பள்ளியில் கேட்ட பாதி விதி அவர்களையும் விடவில்லை. ‘லி’ என்று முடிவதெல்லாம் வினையடை என்ற விதியும் இப்படிப்பட்ட பாதி விதியே. ‘லவ்லி, ஃப்ரெண்ட்லி, லோன்லி, கோஸ்ட்லி’ நான்கும் பெயரடைகள். ‘வெல்’ என்பது வினையடை, ஆனால் உடல்நலத்தைச் சொல்லும்போது பெயரடை. ‘நல்லா இருக்கேன்’ என்பதற்கு ‘ஐ ஆம் வெல்’. ‘நல்லா பாடுறா’ என்பதற்கு ‘ஷி சிங்ஸ் வெல்’. பேச்சுத் தமிழின் ‘நல்லா’ செய்யும் இரட்டை வேலையை ஆங்கிலத்தில் ‘வெல்’ செய்கிறது. சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

மாற்றத்தைச் சொல்லும் இணைப்பு வினைகளைப் பாடநூல்கள் ஒரு வரியில் கடந்துபோகின்றன. அவற்றில்தான் மொழியின் உயிர் இருக்கிறது. இலை மஞ்சளானால் ‘டர்ன்’. இரவு மெல்ல மெல்ல இருண்டால் ‘க்ரோ’. கிணறு வற்றினால் ‘ரன் ட்ரை’. கூட்டம் சட்டென்று அமைதியானால் ‘ஃபால் சைலன்ட்’. கனவு பலித்தால் ‘கம் ட்ரூ’. பால் கெட்டால் ‘கோ பேட்’. பைத்தியம் பிடித்தால், கண்பார்வை போனால், கடன்பட்டு நொடித்தால் எல்லாவற்றுக்கும் ‘கோ’. பெரும்பாலும் கேட்டை நோக்கிய மாற்றத்துக்கு ஆங்கிலம் ‘கோ’வை வைத்திருக்கிறது. தமிழில் கெட்டுப்போனது, அழுகிப்போனது, உடைந்துபோனது, நொடித்துப்போனார் என்று நாம் சொல்வதை நினைத்துப் பாருங்கள். அதே ‘போ’. இதை ஆசிரியர் ஒருமுறை சொன்னால் ‘கோ பேட்’ என்ற தொடரை மனப்பாடம் செய்யவேண்டிய தேவை அன்றோடு தீர்ந்தது. நூறு தொடர்களைப் பட்டியலிட்டுத் தருவதைவிட இந்த ஓர் ஒப்பீடு அதிகம் தரும் என்று உறுதியாக நம்புகிறேன்.

உணர்ச்சிகளைச் சொல்வதில் வரும் சிக்கல் வேறு வகை. ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதில் நான் எழுவாயே இல்லை. நான் நான்காம் வேற்றுமையில் நிற்கிறேன், பசி என்னிடம் வருகிறது. தாகம், குளிர், தூக்கம், கோபம், பயம், சந்தேகம், வெட்கம் எல்லாமே தமிழில் ‘எனக்கு’ வருபவை. ஆங்கிலம் ஆளை எழுவாயாக்கி, உணர்ச்சியைப் பெயரடையாக்கி, நடுவில் ‘ஆம்’ வைக்கிறது: ‘ஐ ஆம் ஹங்ரி’, ‘ஐ ஆம் கோல்ட்’, ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’. வாக்கியத்தின் எலும்புக்கூடே மாறுகிறது. இதைச் சொல்லித்தராமல் ‘ஐ ஆம் ஹங்ரி’ என்பதைத் தனித்தொடராக மனப்பாடம் செய்யவைத்தால், அடுத்த உணர்ச்சி வரும்போது பிள்ளை மறுபடி தமிழ் எலும்புக்கூட்டுக்கே திரும்பிவிடும்.

இதன் தொடர்ச்சிதான் ‘ஐ ஆம் போரிங்’ என்ற பிழை. ‘எனக்கு போரடிக்குது’ என்று சொல்ல நினைத்து, பிறரைச் சலிப்படையச் செய்பவன் நானே என்று அறிவித்துவிடுகிறார்கள். ‘ஐ ஆம் இன்ட்ரஸ்டிங் இன் கிரிக்கெட்’ என்பதும் அதே வகை. வேலைக்கான நேர்காணலில் இந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவர் முகம் ஏன் மாறியது என்று தெரியாமல் வெளியே வரும் இளைஞர்கள் இருக்கிறார்கள். இதற்கும் தமிழிலேயே ஒரு திறவுகோல் உண்டு. தமிழ் வாக்கியத்தில் யார் ‘கு’ உருபு ஏற்கிறாரோ அவருக்கு ‘எட்’ என்று முடியும் பெயரடை. எது அந்த உணர்ச்சியைத் தருகிறதோ அதற்கு ‘இங்’ என்று முடியும் பெயரடை. எனக்குப் பாடம் சலிப்பாக இருக்கிறது: பாடம் ‘போரிங்’, நான் ‘போர்ட்’. அவனுக்குக் கிரிக்கெட்டில் ஆர்வம்: கிரிக்கெட் ‘இன்ட்ரஸ்டிங்’, அவன் ‘இன்ட்ரஸ்டட்’.

எல்லா ஆங்கிலப் பெயரடையும் இரண்டு இடத்திலும் நிற்கும் என்றும் எண்ணிவிடக் கூடாது. ‘அஸ்லீப்’, ‘அலைவ்’ போன்றவை இணைப்பு வினைக்குப் பின்னால் மட்டுமே வரும். ‘தி சைல்ட் இஸ் அஸ்லீப்’ சரி, ‘தி அஸ்லீப் சைல்ட்’ தவறு. இந்த இரண்டு சொற்களின் முன்னே ஒட்டியிருக்கும் ‘அ’ பழைய ஆங்கிலத்தில் ‘ஆன்’ என்ற முன்னிடைச்சொல்லாக இருந்தது. ‘தூக்கத்தில்’ என்பதுபோன்ற பொருள். ‘குழந்தை தூக்கத்தில் இருக்கிறது’ என்போம், ‘தூக்கத்தில் குழந்தை’ என்று அடைமொழியாக்க மாட்டோம். ஆங்கிலமும் அதே காரணத்தால்தான் மறுக்கிறது. மறுபக்கம் ‘மெயின்’, ‘மியர்’, ‘ஃபார்மர்’ போன்றவை பெயருக்கு முன்னால் மட்டுமே நிற்கும். ‘இந்தக் காரணம் முக்கியமானது’ என்பதை ‘திஸ் ரீசன் இஸ் மெயின்’ என்று எழுதக் கூடாது, ‘இம்பார்ட்டன்ட்’ என்றே எழுதவேண்டும்.

இவ்வளவும் வகுப்பறையில் நடக்கிறதா என்றால், இல்லை. ஆங்கில வாக்கியங்களின் அடிப்படை அமைப்புகள் ஏழு என்று குவர்க்கும் உடன் ஆசிரியர்களும் 1985இல் வெளியிட்ட பெரிய இலக்கணம் வகுத்தது. அந்த வகைப்பாட்டின் சாயல் நம் பள்ளித் தேர்வுகளிலும் இருக்கிறது. எஸ்.வி.ஓ., எஸ்.வி.சி., எஸ்.வி.ஏ. என்று வாக்கியத்துக்குப் பெயர் சூட்டச் சொல்லும் வினாக்கள் வருகின்றன. பிள்ளைகள் ‘இஸ்’ஸைக் கண்டதும் அடுத்து வரும் நிரப்புச்சொல்லை ‘சி’ என்று குறித்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். ‘சி’ என்ற இடத்தில் எந்த வகைச் சொல் நிற்கலாம், எது நிற்காது, ஏன் என்று கேட்கும் வினாவை நான் தேடித்தான் பார்க்கவேண்டியிருக்கிறது. பெயர் சூட்டத் தெரிந்த அதே பிள்ளை, அதே தாளின் கடிதப் பகுதியில் ‘ஐ ஆம் வெரி ஹாப்பிலி’ என்று எழுதுகிறது. அமைப்பின் பெயர் தெரிந்தும் அமைப்பு கைக்கு வரவில்லை.

இன்னொரு காரணம் ஆழமானது. 1950களில் சென்னை மாநிலத்தில் அமைப்புமுறைப் பாடத்திட்டம் வந்தபோது, ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே வாய்மொழிப் பயிற்சியாகக் கற்பிக்கவேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. பின்னால் கருத்துப் பரிமாற்ற முறை வந்தது. முறைகள் மாறின, ஆனால் தமிழ் ஆங்கில வகுப்புக்கு வெளியே நிற்கவேண்டிய ஒன்று என்ற நினைப்பு மாறவில்லை. நடைமுறையில் எந்த அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியரும் தமிழ் இல்லாமல் பாடம் நடத்துவதில்லை, நடத்தவும் முடியாது. ஆனால் தமிழைச் சொல்லுக்குப் பொருள் சொல்ல மட்டும் உள்ளே விடுகிறோம். வாக்கியத்தை விளக்க விடுவதில்லை. ‘பியூட்டிஃபுல் என்றால் அழகான’ என்று சொல்ல அனுமதி உண்டு. ‘அழகான’ ஏன் வாக்கியத்தின் முடிவில் நிற்காது, ‘பியூட்டிஃபுல்’ ஏன் நிற்கும் என்று ஒப்பிட்டுப் பேச அனுமதி இல்லை. தமிழை இப்படி அரைகுறையாக உள்ளே விட்டதன் விளைவே ‘ஆன – ஆக’ சூத்திரம். முழுதாக விட்டிருந்தால் அந்தச் சூத்திரம் ஒரே நாளில் திருந்தியிருக்கும்.

ஒரே ஆசிரியர் அறையில் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் அருகருகே அமர்கிறார்கள். ஒருவர் காலையில் பெயர்ப் பயனிலை நடத்துகிறார். மற்றவர் பிற்பகலில் எஸ்.வி.சி. நடத்துகிறார். இரண்டும் ஒரே பாடத்தின் இரண்டு முகங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஆளில்லை. பயிற்சி முகாம்களில் ஆங்கில ஆசிரியர்களுக்குத் தமிழ் வாக்கிய அமைப்பைப் பற்றி ஒரு அமர்வு வைக்கவேண்டும் என்று நான் வலியுறுத்துகிறேன். பெயரெச்சம், வினையெச்சம், குறிப்பு வினைமுற்று, நான்காம் வேற்றுமை ஏற்கும் உணர்ச்சி வினைகள் ஆகிய நான்கையும் தெளிவாகத் தெரிந்துகொண்ட ஆங்கில ஆசிரியர், தன் மாணவர் அடுத்து எங்கே தவறுவார் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். தமிழாசிரியர்கள் இதை நடத்த முன்வருவார்கள். அவர்களை அழைப்பதுதான் இதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

அகராதிகளும் திருந்தவேண்டும். ‘அழகாக’ என்ற பதிவுக்கு நேரே ‘பியூட்டிஃபுலி’ என்று மட்டும் போடுவது பிள்ளையைத் தவறான வழிக்கு அனுப்புவது. ‘இரு, தெரி, தோன்று’ ஆகிய வினைகளோடு வந்தால் ‘பியூட்டிஃபுல்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பள்ளி அகராதி தயாரிப்பவர்களுக்கு இது அரைநாள் வேலைகூட இல்லை.

வினாத்தாளிலும் ஒரு மாற்றத்தைத் தொடங்கலாம். ‘மழை பலமாகப் பெய்தது. மழைக்குப் பின் காற்று குளிர்ச்சியாக இருந்தது. பிள்ளைகள் சத்தமாகச் சிரித்தார்கள். பாட்டி கவலையாகத் தெரிந்தாள்.’ இந்த நான்கு வாக்கியங்களையும் கொடுத்து, எந்த ‘ஆக’வுக்கு ஆங்கிலத்தில் வினையடை வரும், எதற்குப் பெயரடை வரும், காரணம் என்ன என்று தமிழிலேயே எழுதச் சொல்லி ஐந்து மதிப்பெண் தரலாம். ஆங்கிலத் தாளில் தமிழ் விடையா என்று சிலர் கேட்பார்கள். காரணத்தைச் சரியாகச் சொல்லத் தெரிந்த பிள்ளை, அடுத்த பக்கத்தில் அந்த நான்கையும் ஆங்கிலத்தில் பிழையின்றி எழுதிவிடும்.

கட்டுரையாளர், ஆங்கில ஆசிரியர்களுக்கான பயிற்றுநர்.